நெற்றி விளக்கும் அதன் காவலும்

அமெரிக்க நாட்டுக் காடுகளில் ரக்கூன் என்னும் சிறு விலங்கை இரவில் நாய்களின் துணைகொண்டு வேட்டையாடுதல் நெடுநாளைய வழக்கமாகும். நாய்கள் மோப்பம் பிடித்து விலங்கை மரத்தின்மேல் ஏற்றிவிட்டு அடியில் நின்று குரைக்கும். வேட்டைக்காரர் அக்குரலைத் தொடர்ந்து சேறும் ஓடையும் கடந்து செல்வர். இரு கைகளும் வேறு வேலைக்கு வேண்டப்படுதலின், விளக்கைத் தலையிலே அணிவர். முன்னர், கால்சியம் கார்பைடும் நீரும் கூடுங்கால் உண்டாகும் அசெட்டிலீன் வாயுவை எரிக்கும் விளக்குகள் வழங்கின. இந்நாளில் மின்கலத்தால் ஒளிரும் எல்.இ.டி. விளக்குகள் அவற்றின் இடத்தைப் பெற்றுள்ளன.

பழைய விளக்கு தானே பற்றிக்கொள்வதில்லை. புதியதோ, பைக்குள் பிற பொருள்கள் அதன் பொத்தானை அழுத்த, எவரும் அறியாவண்ணம் எரிந்து ஓய்ந்துவிடும். நடுக்காட்டில் விளக்கு அவியின் வழி தெரியாதுபோதல் மட்டுமன்று. துப்பாக்கிக்கு எதிரே நிற்பது விலங்கோ தோழனோ என்பதும் தெரியாது. அன்றியும், லித்தியம் அயனி மின்கலம் அளவுக்கு மிஞ்சி வற்றுமாயின் பழுதுறும். அல்கலைன் மின்கலம் வற்றிக் கிடப்பின் அரிக்கும் காரநீரைக் கசியவிட்டு, உலோகத் தொடுமுனைகளைக் கெடுக்கும். பேரொளி விளக்கு துணியால் மூடப்பட்டு எரியுமாயின், வெப்பம் மிகுந்து துணி கருகவுங் கூடும்.

இனி, இதனைத் தடுக்கும் வழிகளைக் காண்போம். மின்கலத்தை வெளியே எடுத்துவிடுதலே தலைசிறந்த வழி. அங்ஙனம் எடுத்ததனைச் சாவி, நாணயம் முதலியவற்றோடு போடலாகாது. இரு முனைகளையும் உலோகம் இணைப்பின் தீமை விளையும். ஆதலின் தனி உறையில் இடுக.

எடுக்க விரும்பாதார், மின்கல அறையின் திருகுமூடியைக் கால் சுற்றுத் தளர்த்தி வைக்கலாம். அலுமினிய விளக்குகள் பலவற்றில் புரிகளின்மேல் ஆக்சைடுப் படலம் உண்டு. அது மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே மூடி தளரின் மின்சுற்று அறும். புரிகள் படலமின்றி வெறுமையாயிருப்பின் இம்முறை பயன்படாமற் போகலாம். தளர்த்திய பின் பொத்தானை அழுத்திப் பார்த்துத் தெளிக. திருகுமூடி இல்லாத விளக்காயின், மின்கலத்திற்கும் தொடுமுனைக்கும் இடையே ஒரு மெல்லிய பிளாஸ்டிக் துண்டைச் செருகுதல் போதும்.

சில விளக்குகளில் பொத்தானை நெடுநேரம் அழுத்திப் பூட்டும் வசதி உண்டு. பயணத்திற்கு அது நன்று. ஆயினும் அத்தகைய மின்னணுப் பொத்தான் உறங்கும்போதும் சிறிது மின்சாரத்தை உண்ணுமாதலின், பல திங்கள் வைத்திருப்பதற்கு அது போதாது.

மின்கலம் ஒன்றைத் தலைகீழாகத் திருப்பி வைக்கும் பழக்கமும் சிலரிடம் உண்டு. 1.5 வோல்ட் மின்கலம் மூன்றனுள் ஒன்றைத் திருப்பினால், எஞ்சுவது சுழியன்று, 1.5 வோல்ட் எஞ்சும். அந்நிலையில் பொத்தான் அழுந்துமேல் திருப்பிய கலத்தினுள் மின்சாரம் மாறிப் பாய்ந்து அதனைக் கசியச் செய்யும். எனவே இம்முறை விலக்கத்தக்கது.

நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டுச் சட்டம் வனவிலங்கு வேட்டையைத் தடுத்துள்ளது. ஆயினும், குமரி மாவட்டத்தில் விடியுமுன் ரப்பர் பால் வடிக்கச் செல்லுந் தொழிலாளர்க்கும் நெற்றி விளக்கே கண்ணாகும். பத்துக் கன்னிகைகளின் உவமையில் ஐவர் எண்ணெய் கொண்டுவர மறந்தனர். நாமோ எண்ணெயைக் கொண்டுவந்தும் உறக்கத்திலே சிந்திவிடுகின்றோம். வேண்டும் வேளையில் ஒளி இன்மை இருவர்க்கும் ஒன்றே.