பல்செட்டுக்குப் பொறுமை வேண்டும்

நவம்பர் மாதம் பிறந்துவிட்டால் வங்கிக் கிளைகள் ஓய்வூதியர்களால் நிறைந்துவிடும். ஆயுள் சான்றிதழ் அளிக்கவரும் பெரியவர்களுள் சிலர் கைக்குட்டையால் வாயை மறைத்துக்கொண்டு பேசுவதை, கொல்கத்தா பவானிபூரில் பணியாற்றும் நாங்கள் பலமுறை கண்டதுண்டு. கேட்டால், "பல்செட் இருக்கிறது, வீட்டில் டப்பாவில் இருக்கிறது" என்பார்கள். எங்கள் வீட்டிலும் அப்படியொரு டப்பா இருந்தது.

எங்களுக்குக் கொல்கத்தாவுக்கு மாற்றல் உத்தரவு வந்தபோது அப்பாவுக்கு வயது எழுபத்திரண்டு. எஞ்சியிருந்த பற்களையும் எடுத்துவிட்டு, ஈறு ஆறுவதற்கு முன்பே, ஊரில் ஒரே வாரத்தில் முழுப் பல்செட் செய்து வாங்கிவந்தோம். அவசரம் எங்களுடையது, அவதி அப்பாவுடையது. பேசினால் கீழ்ச்செட் எழும்பும். சிரித்தால் மேல்செட் இறங்கும். ஈறெல்லாம் புண். நாளடைவில் குழைந்த ரசம் சோறும் பாலில் ஊறிய ரொட்டியுமே அவர் உணவாயின. லேக் மார்க்கெட் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் விருந்துக்கு அழைத்தாலும், உடம்பு சரியில்லை என்று தவிர்த்துவிடுவார். பந்தியில் பல் கழன்று இலையில் விழுந்துவிடுமோ என்ற அச்சமே காரணம் என்பது எங்களுக்குப் பின்னரே விளங்கியது.

பவானிபூரின் வடக்கே செல்லும் ஆச்சார்ய ஜகதீஷ் சந்திர போஸ் சாலையில், மௌலாலியைக் கடந்து சியால்தாவை நெருங்கும் இடத்தில் டாக்டர் ஆர். அகமது பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவம் பயின்று திரும்பிய டாக்டர் ரஃபியுதீன் அகமது, 1920-இல் தொடங்கிய கல்லூரி இது. இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரி. தொடக்கத்தில் 'நியூயார்க் சோடா ஃபவுண்டன்' என்ற தமது குளிர்பானக் கடையின் வருவாயைக் கொண்டே அவர் அதை நடத்தினார். பின்னாளில் கல்லூரி அரசின் வசமாயிற்று. 1964-இல் அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கப்பட்டது. அங்குள்ள செயற்கைப் பல் பிரிவுக்கு அப்பாவை அழைத்துச் சென்றோம்.

"இன்றே கிடைக்குமா?" என்று கேட்டோம். ஐந்தாறு முறை வரவேண்டும் என்றார் மருத்துவர். முதல் முறை ஈறுகளைச் சோதித்து, ஒரு பொது அச்சு எடுத்தார்கள். அதைக்கொண்டு அப்பாவின் வாய்க்கென்றே ஒரு தட்டு செய்து, இரண்டாம் முறை நுணுக்கமான அச்சு எடுத்தார்கள். மூன்றாம் முறை, மெழுகுப் பட்டைகளை வாயில் வைத்து, மேல்தாடையும் கீழ்த்தாடையும் எந்த உயரத்தில், எந்த நிலையில் சந்திக்க வேண்டும் என்று அளந்தார்கள். அந்த உயரம் குறைந்தால் முகம் ஒடுங்கும். மிகுந்தால் தாடை வலிக்கும், பற்கள் 'டக் டக்'கென்று மோதும்.

நான்காம் முறைதான் முக்கியமானது. மெழுகில் பதித்த பற்களை அணிவித்து, "உங்கள் மொழியிலேயே பேசுங்கள்" என்றார் மருத்துவர். அவருக்குத் தமிழ் தெரியாது. எனினும் ஒலியைக் கூர்ந்து கேட்டார். அப்பா ஒன்று முதல் இருபது வரை எண்ணினார். பேரப்பிள்ளைகளின் பெயர்களைச் சொன்னார். 'ச'வில் சீழ்க்கை எழுகிறதா, 'த'வில் நாக்கு தடுமாறுகிறதா என்று பார்த்து, முன்பற்களைச் சற்றே நகர்த்தினார். மெழுகாக இருக்கும்வரை மாற்றுவது எளிது. அக்ரிலிக்காக வார்த்தபின் எளிதன்று. ஆகவே நிறம், அளவு, வரிசை ஆகியவற்றில் குறையிருந்தால் சொல்ல வேண்டிய நாள் அதுவே. எங்கள் பழைய செட்டுக்கு இந்தச் சோதனை நடந்ததே இல்லை.

புதிய செட் கிடைத்தபின்னும் இருமுறை சென்று, உறுத்திய இடங்களைத் தேய்த்துச் சரிசெய்துகொண்டோம். முதல் சில வாரங்கள் மென்மையான உணவைச் சிறு துண்டுகளாக்கி, இருபுறமும் ஒருசேர மெல்லப் பழகினார். இயற்கைப் பல்லின் கடிக்கும் வலிமையில் ஒரு சிறு பங்கே பல்செட்டுக்கு உண்டு என்பதை முதலிலேயே அறிந்துகொண்டால் ஏமாற்றம் இராது. நாக்கின் அசைவால் கீழ்ச்செட் மேல்செட்டைவிட எளிதில் ஆடும். எவ்வளவு முயன்றும் அது நிலைக்காதவர்களுக்குத் தாடையில் இரண்டு இம்ப்ளாண்ட் திருகுகள் பொருத்தி அதன்மேல் மாட்டும் முறையும் உண்டு; அதற்குச் செலவு கூடுதல்.

இரவில் கழற்றி, தண்ணீரில் போட்டு வைக்க வேண்டும். மென்மையான பிரஷ்ஷும் சாதாரண சோப்பும் கொண்டு கழுவலாம். பற்பசை கீறிவிடும், வெந்நீர் வளைத்துவிடும். பல் போன தாடை எலும்பு ஆண்டுக்காண்டு தேயும். இன்று கச்சிதமாக இருப்பது சில ஆண்டுகளில் தளரும். அப்போது ஒட்டும் பசையைக் கூட்டிக்கொண்டே போகாமல், மருத்துவரிடம் உட்பூச்சு இட்டுக்கொள்ள வேண்டும். பல் இல்லாவிடினும் ஆண்டுக்கொரு முறை வாய்ச் சோதனை அவசியம். ஆறாத புண்ணை அலட்சியம் செய்யலாகாது.

வங்கியாளர் என்ற முறையில் செலவு குறித்தும் ஒரு சொல். பெரும்பாலான மருத்துவக் காப்பீடுகள், விபத்தால் நேர்ந்தாலன்றிப் பல் சிகிச்சையை ஏற்பதில்லை. ஆனால் பழைய வரி முறையில் இருப்போர், காப்பீடு இல்லாத மூத்த குடிமக்களின் மருத்துவச் செலவுக்கு ஆண்டுக்கு ரூ.50,000 வரை கழிவு கோரலாம். அச்செலவை ரொக்கமாகச் செலுத்தியிருத்தல் கூடாது. ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். சென்னையிலுள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் கட்டணம் குறைவு. காத்திருக்கும் மனம் மட்டும் வேண்டும்.

சென்ற பொங்கலுக்கு லேக் மார்க்கெட் நண்பர் வீட்டுப் பந்தியில் அப்பா அமர்ந்தார். அப்பளத்தை நொறுக்கிச் சாம்பார் சாதத்தோடு உண்டார். பக்கத்து இலைக்காரரோடு ஊர்க்கதை பேசிச் சிரித்தார். இப்போது அந்த டப்பா இரவில் மட்டுமே பயன்படுகிறது. உங்கள் வீட்டு டப்பாவில் ஒரு பல்செட் பகலிலும் உறங்குமானால், அதன் உரியவரை ஒருமுறை பல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.