குளிர்ப்பெட்டியோடு நெடுந்தீவுக்கு

விடுமுறைக்குக் கடல் கடந்து போவதென்றால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். படகு, அலை, நெடுந்தீவுக் குதிரைகள், பெருக்குமரம் என்று ஒரு கிழமைக்கு முன்பிருந்தே வீட்டில் இதே பேச்சாக இருக்கும். வீட்டுப் பெண்ணின் மனதில் ஓடுவது வேறு. "இத்தனை பேருக்கும் மூன்று நாளைக்கு என்ன சமைப்பது? இறைச்சியைப் பழுதாகாமல் எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது?" என்பதுதான் அவளுடைய கவலை.

எனது கணவரின் ஊர் நெடுந்தீவு. நாங்கள் இருப்பது கொழும்பில். 2018 ஓகஸ்ட் விடுமுறையில் பதினொரு பேராகப் போனோம். அந்தப் பயணத்தில் நான் விட்ட பிழையையும், பிறகு கற்றுக்கொண்டதையும் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். தீவுக்கோ, சுற்றுலாவுக்கோ, தூரத்துக் கோயில் திருவிழாவுக்கோ உணவு கொண்டுபோகும் எல்லோருக்கும் இது உதவும்.

நான் விட்ட பிழை

புறப்படும் நாள் பின்னேரம் மூன்று கிலோ கோழிக்கறி சமைத்தேன். சூடு முழுதாக ஆறும் முன்பே ஒரு பெரிய பிளாஸ்ரிக் வாளியில் ஊற்றி, குளிர்சாதனப் பெட்டியின் மேல்தட்டில் வைத்தேன். இரவு எட்டு மணிக்கு எடுக்கும்போது வெளிப்பக்கம் கல்லுப்போல இருந்தது. உள்ளே நடுப்பகுதி உறையவேயில்லை என்பதை நான் யோசிக்கவில்லை. மீன்கடையில் வாங்கிய றெஜிபோம் பெட்டியில் இரண்டு பை ஐஸ் கட்டியோடு அதை வைத்துக்கொண்டு இரவு பஸ்ஸில் ஏறினோம்.

விடிய யாழ்ப்பாணம். அங்கிருந்து பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வரக் காலை எட்டு மணி. ஓகஸ்ட் மாதம் சோளகக் காற்றுக் காலம். அன்று கடல் கொந்தளிப்பாக இருந்ததால் படகு புறப்படத் தாமதமாகியது. மூன்று மணித்தியாலம் பெட்டி வெயிலில் இருந்தது. தாகம் என்று பிள்ளைகள் கேட்கும்போதெல்லாம் அதே பெட்டியைத் திறந்துதான் குளிர்ந்த தண்ணீர் கொடுத்தேன். படகில் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் சென்றது. வீட்டுக்குப் போய்ப் பெட்டியைத் திறக்கும்போது பிற்பகல் ஒன்றரை. சமைத்த கறி பதினேழு மணித்தியாலத்துக்கு மேல் அந்தப் பெட்டிக்குள் இருந்திருக்கிறது. ஐஸ் முழுவதும் தண்ணீராகியிருந்தது. கறி இளஞ்சூடாக இருந்தது.

இலேசான ஒரு புளிப்பு வாசனை வந்தது. எனக்குத் தெரிந்தது. ஆனால் மூன்று கிலோ கோழி! மாமியும் ஊர் உறவினர்களும் பார்த்துக்கொண்டு நிற்க, கொழும்பிலிருந்து கொண்டுவந்ததை எப்படிக் கொட்டுவது? நன்றாகக் கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அன்று இரவு நான்கு பேருக்கு வாந்தி, வயிற்றோட்டம். அதில் எனது ஆறு வயது மகனும் ஒருவன். தீவு வைத்தியசாலையில் அவனுக்குச் சேலைன் ஏற்றினார்கள். நிலைமை மோசமானால் யாழ்ப்பாணத்துக்குத்தான் அனுப்பவேண்டும். அதற்கும் அந்தக் கடலைத்தான் தாண்டவேண்டும். காற்றின் இரைச்சலைக் கேட்டுக்கொண்டு அவனது கட்டிலருகே விடியும்வரை இருந்தேன். அவன் சுகமாகிவிட்டான். ஆனாலும் அந்த இரவை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை.

கொதிக்க வைத்தால் ஏன் போதாது?

5 பாகை செல்சியசுக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட சூட்டில்தான் உணவிலுள்ள கிருமிகள் வேகமாகப் பெருகுகின்றன. வசதியான சூட்டில் சில கிருமிகள் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு கிருமி நான்கு மணித்தியாலத்தில் 4096 ஆகிவிடும்.

கொதிக்க வைக்கும்போது கிருமிகள் பெரும்பாலும் இறந்துவிடும். ஆனால் சில வகைக் கிருமிகள் பெருகும்போது உணவில் நஞ்சை விட்டுவைக்கின்றன. அந்த நஞ்சு கொதிநீரிலும் அழியாது. சூரை போன்ற மீன்களிலும் இப்படித்தான். பிடித்த மீனைக் குளிரில் வைக்காமல் விட்டால் அதில் உண்டாகும் ஹிஸ்ரமின் என்ற பொருள் சமைத்தாலும் போகாது, உறைய வைத்தாலும் போகாது. ஆகவே பழுதானதை அடுப்பு திருத்திவிடும் என்று நம்பக்கூடாது.

பெட்டி குளிரைத் தராது

2022 இல் நாட்டில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை எல்லோரும் அறிவோம். அப்போதுதான் ஒரு விடயத்தை நன்றாகப் புரிந்துகொண்டேன். நிறைந்திருக்கும் பிறீசரைத் திறக்காமல் விட்டால் குளிர் நெடுநேரம் நிற்கும். பாதி வெறுமையாக இருந்தால் விரைவில் போய்விடும். றெஜிபோம் பெட்டியும் அப்படித்தான். அது குளிரை உண்டாக்குவதில்லை. நாம் வீட்டிலிருந்து கொடுத்தனுப்பும் குளிரைக் காவல் காக்கிறது, அவ்வளவுதான். கைச்செலவுக்குக் கொண்டுபோகும் காசைப்போல அந்தக் குளிரையும் எண்ணிச் செலவழிக்கவேண்டும்.

2023 ஏப்ரலில் மீண்டும் நெடுந்தீவுக்குப் போனபோது பின்வருமாறு ஆயத்தம் செய்தேன்.

நான்கு நாளைக்கு முன்

முதலில் எந்த நேரத்துக்கு என்ன சாப்பாடு என்று ஒரு தாளில் எழுதினேன். மீனைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். தீவில் கிடைக்கும் மீனுக்கு நாம் கொண்டுபோகும் மீன் ஈடாகாது. கோழி, ஆட்டிறைச்சி, துருவிய தேங்காய்ப்பூ, அரைத்த கறிக்கூட்டு இவற்றை மட்டுமே உறைய வைத்தேன். சமைத்த கறி கொண்டுபோகவில்லை.

இறைச்சியைத் துண்டுகளாக்கி, உப்பும் மஞ்சளும் பிரட்டி, ஒரு வேளைக்கு ஒரு பை என்று தடித்த உணவுப் பொலித்தீன் பைகளில் போட்டேன். காற்றை வெளியேற்றி, ஒரு அங்குல உயரத்துக்குத் தட்டையாகப் பரப்பி உறைய வைக்கவேண்டும். தட்டையான பை நடுவரை விரைவாக உறையும். பெட்டிக்குள் புத்தகம்போல அடுக்கலாம். எல்லாவற்றையும் ஒரே நாளில் பிறீசரில் திணித்தால் எதுவுமே சரியாக உறையாது. ஒரு நாளைக்குக் கொஞ்சமாக வையுங்கள். பிறீசரின் குளிர் சைபருக்குக் கீழே 18 பாகை இருப்பது நல்லது.

சமைத்த உணவைத்தான் உறைய வைக்கவேண்டுமென்றால், அகலமான தட்டுகளில் இரண்டு அங்குலத்துக்கு மேற்படாமல் ஊற்றி ஆறவிட்டு, இரண்டு மணித்தியாலத்துக்குள் குளிரில் வைத்துவிடுங்கள். வாளியில் வைக்காதீர்கள்.

குடிக்கக்கூடிய ஐஸ்

ஐஸ் கட்டி வாங்குவதற்குப் பதிலாகக் கொதித்தாறிய தண்ணீரைச் சுத்தமான போத்தல்களில் நிரப்பி உறைய வைத்தேன். தண்ணீர் உறையும்போது விரியும். ஆகவே போத்தலில் பத்தில் ஒரு பங்கு வெறுமையாக விடவேண்டும். இதில் மூன்று நன்மைகள் உண்டு. பெரிய கட்டி, சிறு கட்டிகளைவிட மெதுவாகக் கரையும். கரைந்த தண்ணீர் உணவில் படாது. நல்ல தண்ணீர் அருமையான தீவில், கரைந்தபின் அதையே குடிக்கலாம்.

ஒரு கிலோ ஐஸ் கரைவதற்கு எடுத்துக்கொள்ளும் வெப்பம், ஒரு கிலோ தண்ணீரை 0 பாகையிலிருந்து 80 பாகைவரை சூடாக்கப் போதுமானது. போத்தல் தண்ணீர்தானே என்று குறைவாக எண்ணவேண்டாம். ஒரு கிலோ உணவுக்கு ஒரு கிலோ ஐஸ் என்பது எனது கணக்கு.

இறைச்சிப் பெட்டிக்கு மட்டும் இன்னொரு உபாயம் செய்தேன். ஒரு லீற்றர் தண்ணீரில் 100 கிராம் உப்பைக் கரைத்து நான்கு போத்தல்களை உறைய வைத்தேன். உப்புத் தண்ணீர் சைபருக்குக் கீழே ஏறக்குறைய 6 பாகையில்தான் உறையத் தொடங்கும். ஆகவே அது உருகும்போது அருகிலுள்ள இறைச்சி உறைந்தபடியே இருக்கும். "உப்புத் தண்ணீர், குடிக்கவேண்டாம்" என்று போத்தலில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். தவறுதலாகப் பிள்ளைகள் குடித்துவிடக் கூடாது.

அடுக்கும் முறை

ஒரு பெரிய பெட்டிக்குப் பதிலாக இரண்டு சிறிய பெட்டிகள் வாங்கினேன். ஒன்றில் பச்சை இறைச்சி மட்டும். மற்றதில் தேங்காய்ப்பூ, கறிக்கூட்டு, மரக்கறி. வெள்ளிக்கிழமைகளில் மாமி சைவம் என்பதால் அந்தப் பெட்டியில் "சைவம்" என்று எழுதினேன். பெட்டி சிறிதாக இருந்தால் இறங்குதுறையிலிருந்து படகுக்கு இரண்டு பெண்கள் கைமாற்றிக் கொடுக்கவும் முடியும்.

முதல் நாள் இரவே இரண்டு பெட்டிகளுக்குள்ளும் ஐஸ் போத்தல் வைத்துப் பெட்டியைக் குளிராக்கிக்கொண்டேன். புறப்படும்போது அந்தப் போத்தல்களை எடுத்துவிட்டுப் புதியவற்றை வைத்தேன். அடியில் போத்தல்கள். அதன்மேல் கடைசி நாளுக்கான பைகள். மேலே முதல் நாளுக்கானவை. எல்லாவற்றுக்கும் மேலே மறுபடியும் போத்தல்கள். குளிர்ந்த காற்று கீழ்நோக்கி இறங்கும் அல்லவா? இடைவெளிகளைப் பத்திரிகைத் தாள் சுருட்டி அடைத்தேன். மூடியைச் சுற்றி ரேப் ஒட்டி, உள்ளே இருப்பவற்றின் பட்டியலை வெளியே ஒட்டினேன். பட்டியல் இருந்தால் திறந்து வைத்துக்கொண்டு தேடவேண்டியதில்லை.

வழியில் உண்பதற்கும் குடிப்பதற்கும் தனியாக ஒரு கைப்பை. பெரிய பெட்டி ஊர் போகும்வரை திறக்கப்படாது என்று வீட்டில் எல்லோருக்கும் சட்டம் போட்டேன்.

படகில்

இறங்குதுறையில் நிழல் தேடிப் பெட்டிகளை வைத்து, நனைத்த சாக்கால் மூடினேன். சாக்கிலுள்ள ஈரம் காயும்போது பெட்டியின் வெளிச்சூடு குறையும். படகில் இயந்திரத்துக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். நடைவழியிலும் வேண்டாம். கடல்நீர் தெறிக்காத இடத்தில், ஆடாதபடி கயிற்றால் கட்டிவிடுங்கள். அதற்கு முன் பிள்ளைகளுக்கு உயிர்காப்பு அங்கி அணிவிக்கவேண்டும். பெட்டி இரண்டாவதுதான்.

தீவு வீட்டில் பெட்டியை வெயில் படாத அறையில் பலகைமேல் வைத்தோம். காலையில் ஒருமுறை, பின்னேரம் ஒருமுறை மட்டுமே திறந்தோம்.

திறந்து பார்க்கும்போது

இந்த மூன்று விதிகளை ஞாபகத்தில் வைத்திருங்கள். இறைச்சியில் இன்னும் பனிக்கட்டி தெரிந்தால் பயமில்லை. உருகியிருந்தும், பிறிட்ஜிலிருந்து எடுத்ததுபோல நல்ல குளிராக இருந்தால் உடனே சமைத்துவிடுங்கள். குளிர் போய்விட்டால், எப்போது போனது என்று நமக்குத் தெரியாது, கொட்டிவிடுங்கள். வாசனையை நம்பவேண்டாம். கெட்ட வாசனை வராத உணவும் நோயைத் தரும்.

கொட்டுவதற்கு மனம் வரவேண்டுமென்றால் மாற்று ஏற்பாடு இருக்கவேண்டும். இதை எனக்குச் சொல்லித்தந்தவர் மாமி. 2018 இல் நடந்ததைப்பற்றி அவர் என்னை ஒரு வார்த்தைகூடக் குறை சொன்னதில்லை. 2023 இல் புறப்படும் முன் தொலைபேசியில், "பிள்ளை, எங்கட காலத்தில ஐஸ் எங்க இருந்தது? உப்பும் வெயிலும்தான். கொஞ்சம் கருவாடும், பருப்பும், ஒடியல் மாவும் கொண்டு வா. இறைச்சி பழுதாப்போனாலும் ஒருத்தரும் பட்டினி கிடக்க மாட்டினம்" என்றார்.

அவர் சொன்னபடியே செய்தேன். கூடவே ஜீவனிப் பைக்கற்றுகளும் கொண்டுபோனேன். இரண்டாம் நாள் பின்னேரம் பெட்டியைத் திறந்தபோது ஆட்டிறைச்சி கல்லுப்போல இருந்தது. மாமி விரலால் தட்டிப் பார்த்துச் சிரித்தார். கருவாட்டையும் விட்டுவைக்கவில்லை, கடைசி நாள் அதுதான் பொரியலானது.

திரும்பும்போது வெறும் போத்தல்களையும் பொலித்தீனையும் பெட்டிகளுக்குள்ளேயே போட்டுக் கொண்டுவந்தோம். றெஜிபோம் உடைந்தால் சிறு மணிகளாகிக் கடலில் மிதக்கும். மீனும் பறவையும் இரையென்று விழுங்கும். தீவில் விட்டுவரவும் வேண்டாம், கடலில் எறியவும் வேண்டாம்.

அன்பான சகோதரிகளே, பழுதான கறியைக் கொட்டினால் நட்டம் சில ஆயிரம் ரூபா. உறவினர்முன் கொஞ்சம் வெட்கம். அது ஒரு நாளில் மறந்துபோகும். அந்த வெட்கத்துக்குப் பயந்து நான் பரிமாறியதால் என் பிள்ளை ஓர் இரவு முழுவதும் வாடிக் கிடந்தான். உணவைப் பழுதாகாமல் கொண்டுபோகப் பழகுவோம். பழுதாகிவிட்டால், யார் பார்த்தாலும் கொட்டிவிடப் பழகுவோம்.