தேசியவாதம்: ஒரு சொல், இரு விளக்கங்கள்

தேசியவாதம் யாது என வினவப்படும்போது, “ஒரே மொழி பேசுவோர் ஒன்றிணைய விரும்பும் உணர்வு” என எழுதி மாணவர் பலர் நிறுத்திவிடுகின்றனர். இது பிழையன்று; ஆனால் பாதி விடையே. மறுபாதியை விளங்கிக்கொள்ள அல்சாஸ் – லொரெயின் பிரச்சினையை நோக்குவோம்.

1870இல் பிரசியாவுடன் மூண்ட போரில் பிரான்சு தோல்வியுற்றது. 1871ஆம் ஆண்டின் பிராங்போர்ட் உடன்படிக்கைப்படி அல்சாசின் பெரும்பகுதியும் லொரெயினின் ஒரு பகுதியும் புதிய ஜேர்மன் பேரரசுடன் இணைக்கப்பட்டன. அல்சாஸ் மக்களுள் பெரும்பாலானோர் ஜேர்மன் வட்டார வழக்கொன்றையே பேசினர். எனவே அவர்கள் ஜேர்மானியரே என்பது ஜேர்மனியின் வாதம். வரலாற்றறிஞர் மொம்சனும் இதனை வலியுறுத்தினார்.

பிரான்சிய அறிஞர்கள் இதனை மறுத்தனர். மொழியோ இனமோ அன்றி, சேர்ந்து வாழ விரும்பும் மக்களின் எண்ணமே தேசத்தை ஆக்குகிறது என்பது அவர்களது நிலைப்பாடு. 1882இல் பாரிசின் சோர்போனில் உரையாற்றிய ஏர்னஸ்ட் ரெனான், தேசத்தை நாள்தோறும் நடைபெறும் சர்வசன வாக்கெடுப்புக்கு ஒப்பிட்டார். பல மொழிகள் வழங்கும் சுவிற்சர்லாந்தையும் அவர் எடுத்துக்காட்டினார். இணைக்கப்பட்ட பகுதிகளின் பிரதிநிதிகள் 1871இலேயே பிரான்சின் தேசிய சபையில் எதிர்ப்புத் தெரிவித்திருந்தமை இவ்வாதத்துக்கு வலுவூட்டியது.

இங்குதான் கூர்ந்து கவனிக்க வேண்டும். முதலாம் உலகப் போரில் ஜேர்மனி தோற்றதும் அப்பிரதேசம் பிரான்சிடம் மீண்டது. 1919ஆம் ஆண்டின் வேர்சேல்ஸ் உடன்படிக்கை அதனை உறுதிசெய்தது. ஷ்லெஸ்விக்கில் 1920இலும் மேல் சைலேசியாவில் 1921இலும் வாக்கெடுப்பு நடத்தப்பட்டது. மக்கள் விருப்பமே தேசம் என்று கூறிய பிரான்சோ அல்சாசில் அதனை நடத்தவில்லை. மாறாக, பெற்றோரும் பாட்டன்மாரும் பிறந்த இடத்தைக் கொண்டு ஏ, பி, சி, டி என நால்வகை அடையாள அட்டைகளை வழங்கியது. தாய் அல்சாஸ் பெண், தந்தை ஜேர்மானியர் எனின், தாய்க்கு ஏ, தந்தைக்கு டி, பிள்ளைகளுக்கு பி. டி அட்டை பெற்றோர் பலர் வெளியேற்றப்பட்டனர். விருப்பம் பேசிய அரசே வம்சாவளியை அளவுகோலாக்கியது!

ஆகவே ஒரு விளக்கத்தைப் படிக்கும்போது, அதனை யார், எந்த நிலத்துக்காகக் கூறினர் என்பதையும் சேர்த்து எழுதுக. 1938இல் ஹிட்லர் சுடேட்டன்லாந்தைக் கோரியதும் அங்கு வாழ்ந்தோர் ஜேர்மன் மொழியினர் என்ற அடிப்படையிலாகும். மியூனிச் மாநாட்டில் பிரித்தானியாவுடன் பிரான்சும் அதற்கு இணங்கியது. நிலத்தை இழந்த செக்கோஸ்லோவாக்கியாவுக்கு அம்மாநாட்டில் ஆசனம் வழங்கப்படவில்லை.