புல்வெளியும் நீர்க்கணக்கும்

நுழையும்முன்

மரம் நட்டால் ஆறு பெருகும் என்பது பரவலான நம்பிக்கை. இது எல்லா நிலத்திற்கும் பொருந்துமா? நீலகிரியின் உயர்மலைப் புல்வெளிகளில் நடந்த ஆய்வுகள் இவ்வினாவிற்கு விடை தருகின்றன. சூழலியல், பொறியியல், கணிதம், பொருளியல் ஆகிய துறைகள் ஓர் ஓடைக்கரையில் ஒன்றுகூடிய கதையை இப்பாடம் விளக்குகிறது.

சோலையும் புல்வெளியும்

நீலகிரியின் மேட்டுநிலம் இருவகைப் பசுமையால் ஆனது. மலைமடிப்புகளிலும் ஓடைப் பள்ளங்களிலும் குட்டையான மரங்கள் அடர்ந்த சோலைக்காடுகள் உள்ளன. அவற்றைச் சூழ்ந்த சரிவுகளில் புல்வெளிகள் விரிந்துள்ளன. மழைநீர் புல்லின் வேர்ப்பரப்பு வழியே மண்ணுள் இறங்கிச் சதுப்புகளில் தேங்குகிறது. பின்னர்ச் சிறிது சிறிதாகக் கசிந்து கோடையிலும் ஓடைகளை வற்றாமல் காக்கிறது. இங்குத் தோன்றும் பைக்காரா, மோயாறாகிப் பவானியுடன் கலக்கிறது; பவானி காவிரியைச் சேர்கிறது. எனவே, மலையுச்சியின் புல்லுக்கும் சமவெளியின் நெல்லுக்கும் நேரடி உறவு உண்டு.

தோடர்களுக்கு இப்புல்வெளி எருமைகளின் மேய்ச்சல் நிலம், வரையாட்டிற்கு வாழிடம். ஆங்கிலேய ஆட்சியினரோ மரமற்ற இச்சரிவுகளைப் பயனற்ற வெற்றுநிலமாகக் கருதினர். விறகுத் தேவைக்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து ஆஸ்திரேலியத் தைலமரங்கள் நடப்பட்டன. தோல் பதனிடும் துவர்ப்பொருளுக்காகச் சீகை எனப்படும் வாட்டில் மரங்களும் பின்னர்ப் பெருகின. விடுதலைக்குப் பின்னரும் ஆலைகளின் மரக்கூழ்த் தேவைக்காக இப்பணி தொடர்ந்தது.

சதுப்பில் பதிந்த சான்று

காடழிந்த இடத்தில்தான் புல் முளைத்ததோ என்னும் ஐயம் நெடுங்காலம் நிலவியது. அதற்கான விடை சதுப்புநிலத்தில் புதைந்திருந்தது. மட்கிய தாவரங்கள் அங்கே அடுக்கடுக்காகப் படிகின்றன. வெப்பமண்டலப் புற்கள் பலவும் மரங்களும் காற்றிலுள்ள கார்பனை வெவ்வேறு முறையில் ஏற்கின்றன. அதனால் படிவிலுள்ள கார்பன் ஐசோடோப்புகளின் விகிதம், எக்காலத்தில் எவ்வகைத் தாவரம் மிகுந்திருந்தது என்பதைக் காட்டும். இந்திய அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த ராமன் சுகுமாரும் அவருடைய குழுவினரும் நீலகிரிப் படிவுகளை ஆராய்ந்து 1993ஆம் ஆண்டு 'நேச்சர்' இதழில் முடிவுகளை வெளியிட்டனர். ஏறத்தாழ 20,000 ஆண்டுகளின் தட்பவெப்ப வரலாற்றை அப்படிவு காட்டியது. புல்வெளி அண்மைக்கால அழிவின் எச்சமன்று. தொன்மையான இயற்கை அமைப்பு என்பது தெளிவாயிற்று.

இரண்டு ஓடைகள்

புல்வெளியைத் தைலமரத் தோப்பாக மாற்றினால் நீர்வளம் என்னவாகும்? உதகமண்டலத்திலுள்ள மத்திய மண், நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தின் அறிஞர்கள் இதனை அளந்தறிய முற்பட்டனர். கிளன்மார்கனில் அருகருகே அமைந்த, ஏறத்தாழ 32 எக்டேர் பரப்புள்ள இரு சிறு நீர்ப்பிடிப்புப் பகுதிகளைத் தேர்ந்தனர். ஒவ்வொன்றிலிருந்தும் வெளியேறும் நீரைத் தொடர்ந்து பதிவு செய்தனர்.

1968 முதல் 1971 வரை எந்த மாற்றமும் செய்யவில்லை. இரண்டு ஓடைகளையும் அளந்தனர். 1972ஆம் ஆண்டு ஒன்றின் 59 விழுக்காட்டுப் பரப்பில் தைலமரம் நட்டனர். மற்றதை இயல்பாகவே விட்டனர். மழை ஆண்டுதோறும் மாறுபடுவதால், ஓர் ஓடையை மட்டும் அளந்தால் நீர் குறைந்தது மழையாலா மரத்தாலா என்று பிரித்தறிய இயலாது. இரண்டு ஓடைகளும் ஒரே மழையைப் பெறுவதால் அக்குழப்பம் நீங்குகிறது.

கணக்குக் காட்டிய உண்மை

இதன் அடிப்படை எளிய சமன்பாடே. பெய்த மழை என்பது ஓடிய நீர், ஆவியான நீர், மண்ணில் தங்கிய நீர் ஆகியவற்றின் கூட்டுத்தொகை. தொடக்க ஆண்டுகளின் அளவுகளைக்கொண்டு இரு ஓடைகளுக்கும் இடையேயான தொடர்பைச் சமன்பாடாக அமைத்தனர். மரம் நடாதிருந்தால் எவ்வளவு நீர் ஓடியிருக்கும் என்பதை அது கணித்துச் சொல்லும். கணித்த அளவிலிருந்து உண்மையில் ஓடிய அளவைக் கழித்தால் கிடைப்பது தைலமரத்தால் நேர்ந்த நீரிழப்பு.

முதல் பத்தாண்டுச் சுற்றில் ஆண்டு நீரோட்டம் ஏறத்தாழ 16 விழுக்காடு குறைந்தது. மரங்களை வெட்டியபின் அடிமரங்கள் மீண்டும் துளிர்த்தன. ஆழமான வேர்கள் முன்னரே இருந்தமையால் இரண்டாம் சுற்றில் இழப்பு மேலும் மிகுந்தது. 2003ஆம் ஆண்டு வெளியான ஆய்வின்படி, மழையற்ற காலத்தின் குறைநீரோட்டம் முதல் சுற்றில் 2 மடங்கும் இரண்டாம் சுற்றில் 3.75 மடங்கும் சுருங்கியது. அதாவது, புல்வெளி 100 குடம் நீர் தந்த வறண்ட காலத்தில், தைலமரத் தோப்பு முதலில் 50 குடமும் பின்னர் ஏறத்தாழ 27 குடமும் மட்டுமே தந்தது. பெருமழையின்போது பாயும் வெள்ளத்தின் வேகமும் ஓரளவு தணிந்தது என்பதையும் ஆய்வு மறைக்கவில்லை.

> தெரிந்து தெளிவோம்
> நீலகிரி உயிர்க்கோளக் காப்பகம் 1986ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. இந்தியாவின் முதல் உயிர்க்கோளக் காப்பகம் இதுவே. இதன் பரப்பு 5,520 சதுர கிலோமீட்டர். தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் ஆகிய மூன்று மாநிலங்களில் இது பரந்துள்ளது.

விலையில்லாப் பொருளின் விலை

விறகு, தைலம், மரக்கூழ் ஆகியவற்றிற்குச் சந்தையில் விலை உண்டு. ஓடையில் குறைந்த நீருக்கு எந்தப் பேரேட்டிலும் இடமில்லை. ஒன்றைத் தேர்வதற்காக இழக்கும் மற்றொன்றின் மதிப்பைப் பொருளியலார் 'வாய்ப்புச் செலவு' என்பர். பைக்காராவில் 1932 முதல் நீர்மின்சாரம் எடுக்கப்படுகிறது. அந்நீர் விசையாழியைச் சுழற்றியபின் கீழே பாசனத்திற்கும் குடிநீருக்கும் பயன்படுகிறது. மரத்தின் வருவாய் ஒருவரைச் சேர, நீரின் இழப்பை வேறொருவர் சுமக்கிறார். இதனால், இழப்பு கண்ணுக்குப் புலப்படாமலே போகிறது.

மீட்பின் வழி

மேற்குத் தொடர்ச்சி மலையின் உயர்பகுதிகளைச் செயற்கைக்கோள் படங்களால் ஒப்பிட்ட ஆய்வொன்று 2019இல் வெளியானது. 1973க்கும் 2017க்கும் இடையில் ஏறத்தாழ 340 சதுர கிலோமீட்டர், அதாவது 23 விழுக்காட்டுப் புல்வெளி, அயல்மரங்களின் பரவலால் மறைந்துவிட்டதை அது காட்டியது.

அவ்வாறாயின் அயல்மரங்களை உடனே வெட்டி வீழ்த்தலாமா? ஆய்வாளர்கள் அவ்வளவு எளிதாக விடை கூறுவதில்லை. சீகையின் விதைகள் மண்ணில் நெடுங்காலம் உறங்கும். மரத்தை அகற்றிய இடத்தில் அவை கூட்டமாக முளைக்கும். முதிர்ந்த தோப்புகள் சிலவற்றின் நிழலில் சோலைமரக் கன்றுகள் துளிர்ப்பதும் அறியப்பட்டுள்ளது. எனவே, எஞ்சிய புல்வெளிகளுக்குள் பரவும் இளங்கன்றுகளை முதலில் அகற்றுவதும், முதிர்ந்த தோப்புகளை இடமறிந்து கையாள்வதும் ஏற்ற வழிகளாகின்றன.

மரம் நடுவது நற்செயலே. எந்த மரத்தை எந்த நிலத்தில் நடுகிறோம் என்பதே அச்செயலின் பயனை முடிவுசெய்கிறது. நீலகிரியின் ஓடைகள் வற்றாதிருக்க, அங்குள்ள புல் புல்லாகவே இருத்தல் வேண்டும்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரின் நீர்நிலை ஒன்றைத் தேர்ந்து, அதன் நீர்வரத்து மாறியதற்கான காரணங்களை மூத்தோரிடம் கேட்டுத் தொகுக்க.
2. 'மரம் நடுதல் எல்லா நிலத்திற்கும் ஏற்றதே' என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.