பாரிசவாயுவும் மறுபயிற்சியும்

நோய்களுள் சில மெல்ல வருவன. சில சொல்லாமல் வருவன. பக்கவாதம் என்றும் பாரிசவாயு என்றும் வழங்கும் நோய் இரண்டாம் வகையைச் சார்ந்தது. காலையில் திண்ணையில் அமர்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த தந்தையார் திடீரெனத் தாளை நழுவ விடுகின்றார், வலக்கை எழவில்லை, வாய் ஒருபுறம் கோணுகின்றது, சொல் குழறுகின்றது. வீடு முழுவதும் கலங்குகின்றது. சில நாட்களுக்குப் பின், உயிருக்கு அபாயம் நீங்கிற்று என்று சொல்லி மருத்துவர் அவரை வீட்டிற்கு அனுப்புகின்றார். அப்பொழுதுதான், "இனி நாம் செய்யத்தக்கது யாது?" என்னும் வினா எழுகின்றது. அவ்வினாவிற்கு இயன்றவரை விடை கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாம்.

முதற்கண் நோயின் இயல்பை அறிவோம். மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய்களுள் ஒன்று அடைபடினும், அன்றி உடைந்து இரத்தம் கசியினும், அக்குழாயை நம்பியிருந்த மூளைப்பகுதி உணவும் உயிர்க்காற்றும் இன்றி மடிகின்றது. இவற்றுள் அடைப்பே பெரும்பான்மையாக நிகழ்வது. மூளையின் இடப்பாதி உடலின் வலப்பக்கத்தையும், வலப்பாதி இடப்பக்கத்தையும் ஆள்கின்றன. ஆதலின் ஒருபுறத்துக் கேடு மறுபுறத்துக் கைகால்களில் வெளிப்படுகின்றது. பேச்சாற்றல் பெரும்பாலோர்க்கு இடப்பாதியில் அமைந்திருப்பதனை 1865-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்து மருத்துவர் பால் புரோக்கா என்பார், பேச்சிழந்தார் பலரின் மூளைகளை ஆராய்ந்து விளக்கினர். வலப்பக்கம் சோர்ந்தாருட் பலர்க்குப் பேச்சும் தடைப்படுவது இக்காரணம் பற்றியே.

இங்கு ஓர் எச்சரிக்கை. வாய் கோணுதல், கை தாழ்தல், பேச்சுக் குழறல் என்னும் மூன்றனுள் ஒன்று திடீரெனத் தோன்றினும், கைவைத்தியம் செய்து காலம் போக்காமல், மூளையைப் படமெடுத்துப் பார்க்கும் வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே செல்லவேண்டும். அடைப்பைக் கரைக்கும் மருந்து பெரும்பாலும் முதல் நாலரை மணி நேரத்திற்குள் செலுத்தத்தக்கது.

மேற்கூறியவற்றால் ஓர் உண்மை புலனாகும். கெட்டது கையன்று; கையை ஏவும் மூளையின் ஒரு பகுதியே கெட்டது. ஆதலால், சோர்ந்த கைக்கு எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடுவதனால் நோயாளிக்குச் சற்று இதம் உண்டாகலாமேயன்றி, இழந்த செயல் அதனாலேயே மீளாது. மூளை மீண்டும் கற்றுக்கொள்ளல் வேண்டும். மடிந்த மூளையணுக்கள் உயிர்ப்பதில்லையே, கற்பது எங்ஙனம் என்று சிலர் ஐயுறலாம். வண்டிப்பாதை வெள்ளத்தால் அறுபட்டபோது ஊரார் வயல்வரப்பின் மீது நடக்கின்றனர். நாள்தோறும் பலர் நடக்க நடக்க அவ்வரப்பே ஒற்றையடிப் பாதையாகிப் பின்னர் அகன்ற வழியுமாகின்றது. அதுபோலவே, பிழைத்திருக்கும் அணுக்கள் தம்முள் புதிய தொடர்புகளை உண்டாக்கிக்கொள்கின்றன. ஆனால் நடப்பாரில்லையேல் பாதையும் இல்லை.

இதற்குச் சான்றாக ஒரு குடும்பத்தின் வரலாற்றைக் கூறுவோம். நியூயார்க் நகரத்துச் சிட்டி கல்லூரியில் ஆசிரியராயிருந்த பேட்ரோ பாக்-இ-ரிட்டா என்பார் 1950-களின் இறுதியில், தம் அறுபதைக் கடந்த வயதில், கடுமையான பாரிசவாயுவால் வீழ்ந்தார். அக்காலத்து வழக்கப்படி சில வாரங்களே பயிற்சி அளிக்கப்பட்டது; பயன் காணவில்லை. மருத்துவ மாணவராயிருந்த அவர் மகன் ஜார்ஜ் மனந்தளரவில்லை. குழந்தை நடக்குமுன் தவழ்கின்றதன்றோ? ஆதலால் தந்தையையும் முதலில் தவழச் செய்தார். தரையில் கோலிக்குண்டுகளை உருட்டி, சோர்ந்த கையால் எடுக்கச் சொன்னார். பாத்திரம் கழுவுதல் போன்ற வீட்டு வேலைகளையே பயிற்சியாக்கினார். மாதங்கள் பல கழிந்தன. தவழ்ந்தவர் நின்றார், நின்றவர் நடந்தார், முடிவில் கல்லூரிக்கு மீண்டு பாடமும் நடத்தினார். 1965-ஆம் ஆண்டில் அவர் மலையேறிய பின் இதய நோயால் இறந்தபொழுது மூளையைச் சோதித்தனர். மூளையினின்று முதுகுத்தண்டிற்கு இறங்கும் நரம்புப்பாதையின் மிகப்பெரும் பகுதி அழிந்தபடியே இருந்தது. கேடு நீங்காமலே செயல் மீண்டிருந்தது! இதனைக் கண்டு வியந்த மற்றொரு மகன் பால் பாக்-இ-ரிட்டா, மூளையின் மாறுந்தன்மையை ஆராய்தலையே தம் வாழ்நாட் பணியாகக் கொண்டார். எல்லாரும் இவர் போல மீள்வர் என்று நாம் சொல்ல வரவில்லை. கேட்டின் அளவும் இடமும் ஆளுக்கு ஆள் வேறுபடும். ஆயினும் முயலாமல் கைவிடுதல் கூடாதென்பது தெளிவு.

இனி, நம் வீடுகளில் நிகழும் ஒரு பிழையைப் பற்றிச் சொல்லவேண்டும். அது வெறுப்பினால் நேர்வதன்று, அன்பினால் நேர்வது. தந்தையார் சோற்றை எடுக்கத் தடுமாறுகின்றார். கண்ட மகள் உடனே ஊட்டிவிடுகின்றாள். எழுந்து நிற்க முயல்கின்றார். மகன் ஓடிவந்து தூக்கிவிடுகின்றான். சட்டையின் பித்தானைப் போட அவர் கை நீளுமுன் மனைவியார் போட்டு முடிக்கின்றார். இவ்வாறு சில திங்கள் சென்றால், பாதி உயிர்ப்புள்ள கையும் முற்றும் பயனற்றதாகின்றது. பயன்படுத்தாமையையே மூளை பழகிக்கொள்கின்றது.

எட்வர்டு டாப் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் இதனை நன்கு விளக்கினார். குரங்கின் ஒரு கையினின்று உணர்ச்சியைக் கொண்டுசெல்லும் நரம்புகளை அறுத்தால், அசைக்கும் ஆற்றல் எஞ்சியிருந்தும் அது அக்கையைப் பயன்படுத்துவதில்லை. நல்ல கையைக் கட்டிவைத்தால் சோர்ந்த கையை நீட்டுகின்றது. இக்கருத்தைப் பின்பற்றி, நோய்கண்டு மூன்று முதல் ஒன்பது மாதங்களான 222 பேரிடம் அமெரிக்காவில் ஒரு சோதனை நடந்தது. அதன் முடிவு 2006-இல் வெளியாயிற்று. இரண்டு வாரம் நல்ல கைக்கு உறையிட்டு, சோர்ந்த கைக்கு நாள்தோறும் மிகுந்த பயிற்சி அளிக்கப்பெற்றவர்கள், வழக்கமான கவனிப்பே பெற்றவர்களைக் காட்டிலும் சிறந்தனர். ஓராண்டிற்குப் பின்னும் அந்நலம் நிலைத்தது. எனினும், மணிக்கட்டும் விரல்களும் சிறிதளவேனும் விரியக்கூடியவர்க்கே இம்முறை பொருந்தும். இயன்முறை மருத்துவரின் மேற்பார்வையும் வேண்டும்.

பயிற்சி நன்றாயின் முதல் நாளே மிகுதியாகச் செய்யலாமோ எனின், அதுவும் தவறு. ஐந்து நாடுகளில் 2104 நோயாளிகளிடம் நடந்து 2015-இல் வெளியான ஆராய்ச்சியொன்று, முதல் 24 மணி நேரத்திற்குள்ளேயே அடிக்கடியும் நெடுநேரமும் படுக்கையினின்று எழுப்பிப் பயிற்றுதல் நன்மையைக் குறைக்கின்றது எனக் காட்டிற்று. ஆதலின் தொடக்கத்தில் சிறிது சிறிதாகவும், பின்னர் மருத்துவர் சொற்படி கூட்டியும் செய்தல் முறை. முதல் மூன்று மாதங்களில் முன்னேற்றம் விரைவாயிருக்கும். அதன் பின்னரும் கதவு அடைபட்டுவிடுவதில்லை.

வீட்டார் நினைவிற் கொள்ளத்தக்கன சில உள. சோர்ந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்குதல் ஒருபோதும் கூடாது. தசை தளர்ந்த தோள்மூட்டு நழுவிவிடும். படுக்கையிலும் நாற்காலியிலும் அக்கையைத் தலையணைமேல் தாங்கி வைக்கவேண்டும். தாமாகப் புரள இயலாதவரை அடிக்கடி பக்கம் மாற்றிப் படுக்கவைக்காவிடின் படுக்கைப்புண் உண்டாகும். விழுங்கும் ஆற்றலை மருத்துவர் சோதித்துச் சொல்லுமுன் நீரும் கொடுத்தலாகாது; பின்னரும் நிமிர்த்தி உட்காரவைத்தே உண்பிக்கவேண்டும். பேச இயலாதவர் யாவரும் அறிவிழந்தவர் என்று எண்ணி, அவர்முன்னே அவரைப் பற்றிப் பேசுதல் பெருங்கொடுமை. நாம் சொல்வதைப் பெரிதும் உணர்ந்துகொண்டே விடைசொல்ல மாட்டாது தவிப்பாரும் அவர்களுட் பலர். சுருங்கச் சொல்லி, பொறுமையுடன் காத்திருத்தல் வேண்டும். அழுகையும் சோர்வும் நீடிப்பின், அதுவும் சிகிச்சைக்குரிய நோயே என்று அறிந்து மருத்துவரிடம் கூறவேண்டும். இரத்த அழுத்தத்திற்குரிய மருந்தை இடையில் நிறுத்தாமையும் புகையிலையை அறவே விடுதலும் மறுமுறை நோய் வாராமற் காக்கப் பெரிதும் உதவும்.

மாணவ நண்பர்காள்! விடுமுறைக்கு ஊர் செல்லுங்கால் நும் வீட்டிலோ அண்டை வீட்டிலோ இத்தகைய முதியவர் ஒருவரைக் காணக்கூடும். அவர் வாய்க்குச் சோற்றை ஊட்டுதல் எளிது. ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். அருகிலமர்ந்து, சிந்தும் பருக்கைகளைப் பொருட்படுத்தாது, அவர் தம் வலக்கையாலேயே ஒரு கவளத்தை எடுத்து வாயருகிற் கொண்டுபோகும் வரை அரைமணி நேரம் கைகட்டிக் காத்திருத்தல் அரிது. அந்த அரிய உதவியையே அவர்க்குச் செய்வீர்களாக.