ஊசி போடும் அறைக்குள் எத்தனை சூட்சுமம்!

தமிழ்நாட்டில் புதன்கிழமை என்றால் தடுப்பூசி நாள். ஆரம்ப சுகாதார நிலையத்து வராண்டாவில் பிள்ளைகள் வீறிட்டு அழுவதை எல்லோரும் பார்த்திருப்போம். அந்த வராண்டாவைத் தாண்டி உள்ளே வாருங்கள், கண்ணில் படுவதெல்லாம் ஆச்சரியம்!

முதலில், தடுப்பூசி மருந்தைக் குளிரில் வைத்திருக்கும் அந்த வெள்ளைப் பெட்டி. ‘ஐ.எல்.ஆர்.’ என்பார்கள். வீட்டு ஃப்ரிட்ஜுக்குக் கதவு முன்பக்கம். இதற்கு மூடி மேலே. குளிர்ந்த காற்று கனமானது, மூடியைத் திறந்தாலும் அடியிலேயே தங்கிவிடும். அவசரத்தில் நர்ஸ் எத்தனை முறை திறந்தாலும் 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் என்ற அளவு சட்டென்று குலையாது. கரண்ட் போனாலும், சுவருக்குள் இருக்கும் பனி உறை பல மணி நேரம் மருந்தைக் காக்கும்.

அடுத்தது, என் மனதைக் கொள்ளைகொண்ட சமாச்சாரம்! மருந்துக் குப்பியில் குட்டியாக ஒரு ஊதா வட்டம். நடுவே வெளிறிய சதுரம். வெப்பம் படப்பட அந்தச் சதுரம் கருத்துக்கொண்டே போகும், திரும்ப வெளுக்கவே வெளுக்காது. வட்டத்தைவிட வெளிறியிருந்தால் போடலாம். வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால் அந்தக் குப்பி குப்பைக்கு. 1996-ல் போலியோ சொட்டு மருந்தோடு வந்த ஏற்பாடு இது. குப்பி எங்கெங்கே வெயிலில் காய்ந்தது என்று யாரையும் விசாரிக்க வேண்டாம், ஒரு பார்வை போதும்!

கிராமத்துக்குக் கிளம்பும் முன் ஐஸ் பேக்கைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்க்கிறார்கள். உள்ளே தண்ணீர் தளும்பும் சத்தம் கேட்டால்தான் அது மருந்தை எடுத்துச் செல்லும் கேரியருக்குள் போகும். கல்லாய் இறுகிய ஐஸ் பட்டால் பென்டாவேலன்ட் தடுப்பூசி உறைந்து வீரியம் இழந்துவிடும். காதே இங்கே அளவுகோல்!

சிரிஞ்ச் மட்டும் சளைத்ததா? 0.5 மி.லி.க்கு மேல் மருந்தை இழுக்கவே விடாது. ஊசி போட்டு முடித்ததும் தண்டு பூட்டிக்கொள்ளும். யார் நினைத்தாலும் அதையே இன்னொரு பிள்ளைக்குப் போட முடியாது. போடும் இடமும் நாடு முழுக்க ஒன்றுதான்: பி.சி.ஜி. இடது கை, பென்டாவேலன்ட் இடது தொடை, தட்டம்மை–ரூபெல்லா வலது கை.

ஐ.எல்.ஆருக்குள் வேறு மருந்து வைக்கக் கூடாது என்ற விதியை மீறினால் மட்டும் மிஞ்சுவது கண்ணீர். 2014-ல் சிரியாவின் இத்லிப் பகுதியில், தட்டம்மை மருந்துப் பொடியைக் கரைக்கும் திரவம் என்று எண்ணித் தசைத் தளர்வு மருந்தைக் கலந்துவிட்டார்கள். குழந்தைகள் இறந்துபோனார்கள். பார்க்க ஒன்றுபோல் இருக்கும் இரண்டு குப்பிகள் ஒரே பெட்டியில் இருந்தால், கவனமான கையும் தவறும்.

இப்படிக் கருவியையே மனிதருக்கு ஏற்ப அமைப்பதைத்தான் எர்கோனமிக்ஸ் என்கிறார்கள். மனுஷி களைப்பாள், அவசரப்படுவாள், மறப்பாள். அதனால் அவளைத் திட்டாமல் கருவியைத் திருத்து என்கிற அறிவியல். எவ்வளவு மரியாதையான அறிவியல்!

குப்பிக்கும் சிரிஞ்சுக்கும் காட்டிய இந்த அக்கறை, குனிந்து குனிந்து ஊசி போடும் நர்ஸின் முதுகுக்கும் வர வேண்டும். சரியான உயரத்தில் மேசை, கண் கூசாத வெளிச்சம், ஒரே விவரத்தைப் பதிவேட்டிலும் கணினியிலும் இருமுறை எழுத வைக்காத ஏற்பாடு. இத்தனூண்டு லேபிளில் வெப்பத்தையே கண்காணிக்கத் தெரிந்த உலகத்துக்கு இது முடியாதா என்ன? முடியும், செய்தே ஆக வேண்டும்!