உழைத்தவர் ஒரு நாட்டில், உடையவர் மறு நாட்டில்

ஒரு தொழிலில் உழைப்பவர் யார், அத்தொழிலுக்கு உடையவர் யார் என்னும் இரண்டு வினாக்களும் வெவ்வேறானவை. தொழில் செழித்து நடக்கும் காலத்தில் இவ்வேற்றுமை எவர் கண்ணுக்கும் புலப்படுவதில்லை. கூலி தவறாது கிடைக்கிறது, சரக்கு விலை போகிறது, ஊர் வளர்கிறது. இடர் வந்துற்ற காலத்திலேதான், முடிவு செய்யும் உரிமை யாரிடம் உள்ளது என்பது வெளிப்படுகிறது. இதனை நன்கு விளக்கவல்ல ஒரு வரலாறு ஆஸ்திரேலியாவில் நிகழ்ந்துள்ளது. அது ஹோல்டன் என்னும் மோட்டார் வண்டித் தொழிலின் வரலாறு. தறியோடும் வயலோடும் வாழும் நம் அங்கத்தினர்களுக்கு மோட்டார்த் தொழில் அயலாகத் தோன்றலாம். ஆயினும் பங்கு, கடன், விலை, சந்தை என்னும் நான்கும் எல்லாத் தொழிலுக்கும் பொதுவானவை. ஆதலின் அவ்வரலாற்றை இங்கே சற்று விரிவாகவே எடுத்துரைக்க விரும்புகிறோம்.

சேணம் தைத்த குடும்பம்

தென் ஆஸ்திரேலியாவின் தலைநகராகிய அடிலெய்டில், 1856-ஆம் ஆண்டில், ஜேம்ஸ் அலெக்சாண்டர் ஹோல்டன் என்பவர் குதிரைச் சேணம் முதலிய தோற்பொருள்கள் செய்து விற்கும் தொழிலைத் தொடங்கினார். அரை நூற்றாண்டு சென்றபின் மோட்டார் வண்டி தெருவுக்கு வந்தது. குதிரை போனால் சேணமும் போகும் என்பதை உணர்ந்த அக்குடும்பத்தார், 1908-ஆம் ஆண்டளவில் மோட்டார் வண்டிகளின் தோல் மெத்தைகளைப் பழுது பார்க்கும் வேலையில் இறங்கினர். தோல் தைத்துப் பழகிய கைகளுக்கு அவ்வேலை கடினமாக இல்லை.

முதல் உலகப் போரின்போது, 1917-இல், வண்டிகளின் மேற்கூடுகளை வெளிநாட்டிலிருந்து கொணர்வதற்கு ஆஸ்திரேலிய அரசாங்கம் கட்டுப்பாடு விதித்தது. யந்திரமும் அடிச்சட்டமும் கப்பலில் வந்தன. மேற்கூட்டை உள்நாட்டிலேயே செய்யவேண்டிய நிலை ஏற்பட்டது. ஹோல்டன் குடும்பத்தார் இவ்வாய்ப்பை நழுவவிடாமல் 1919-இல் இதற்கெனவே தனிக் கம்பெனி ஒன்றை நிறுவினர். 1924 முதல் அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் வண்டிகளுக்கு ஆஸ்திரேலியாவில் மேற்கூடு செய்து தரும் பொறுப்பு முழுவதும் அவர்களிடம் வந்தது.

அதன்பின் வந்தது உலகப் பொருளாதார மந்தம். வண்டி வாங்குவோர் அருகினர். கூடு செய்யும் பட்டறைகள் வேலையின்றிக் கிடந்தன. 1931-இல் ஜெனரல் மோட்டார்ஸ் சுமார் 11 லட்சம் பவுன் கொடுத்து ஹோல்டன் கம்பெனியை வாங்கி, அங்கிருந்த தன் கிளையோடு இணைத்தது. மூன்று தலைமுறையாக வளர்ந்த ஒரு சொந்தத் தொழில், அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட பெருநிறுவனத்தின் கிளையாயிற்று. பெயர் மாத்திரம் ஹோல்டன் என்றே நின்றது.

உள்நாட்டுப் பணம், வெளிநாட்டு உரிமை

இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில், மோட்டார் வண்டியை முழுமையாகத் தன் நாட்டிலேயே செய்யவேண்டும் என்று ஆஸ்திரேலிய அரசாங்கம் விரும்பியது. ஹோல்டன் கிளையின் தலைவராக இருந்த லாரன்ஸ் ஹார்ட்னெட் இதற்காகப் பெரிதும் உழைத்தார். டெட்ராய்ட் தலைமையகமும் இணங்கியது. ஆனால் ஒரு நிபந்தனை விதித்தது. புதிய முதலீட்டுக்காகத் தான் பணம் அனுப்ப இயலாது. வேண்டிய தொகையை ஆஸ்திரேலியாவிலேயே திரட்டிக்கொள்ள வேண்டும் என்பதே அது.

அவ்வாறே திரட்டப்பட்டது. நாட்டின் பொது வங்கியாகிய காமன்வெல்த் வங்கி 25 லட்சம் பவுனும், அடிலெய்ட் வங்கி 5 லட்சம் பவுனும் கடன் கொடுத்தன. வண்டியின் அமைப்பைத் தேர்ந்தெடுத்ததோ டெட்ராய்ட். அமெரிக்காவில் வரைந்து, பின்பு வேண்டாமென்று ஒதுக்கிவைத்திருந்த ஒரு சிறு வண்டியின் வரைபடமே அடிப்படையாகக் கொள்ளப்பட்டது. ஆஸ்திரேலியரின் கருத்துக்கு இடமளிக்க வேண்டுமென்று வாதாடிய ஹார்ட்னெட், வண்டி வெளிவருவதற்கு முன்னரே பதவியை விட்டு நீங்கினார்.

இந்த இடத்தில் நம் அங்கத்தினர்கள் சற்று நின்று சிந்திக்க வேண்டுகிறோம். நிலம் ஆஸ்திரேலியாவினுடையது, உழைப்பு ஆஸ்திரேலியருடையது, கடனாக வந்த பணமும் ஆஸ்திரேலிய வங்கிகளினுடையது. எனினும் கடன் கொடுத்தவருக்கு வட்டி உண்டேயன்றி வாக்கு இல்லை. வாக்கு பங்குடையாரிடமே இருக்கும். அந்நாட்டு மக்களின் சேமிப்பு தொழிலை எழுப்பிற்று. அத்தொழிலில் அவர்களுக்கு உரிமை எதனையும் அது பெற்றுத் தரவில்லை.

வளர்ச்சிக் காலம்

1948 நவம்பர் 29-ஆம் தேதி, பிரதம மந்திரி பென் சிஃப்லி முதல் ஹோல்டன் வண்டியை மக்கள் முன் வெளியிட்டார். ரெயில் யந்திரம் ஓட்டும் தொழிலாளியாக இருந்து பிரதம மந்திரியானவர் அவர். வண்டியின் விலை வரி உட்பட 733 பவுன். கரடுமுரடான நாட்டுப்புறப் பாதைகளுக்கு ஏற்றதாக இருந்தமையால் மக்கள் அதனை விரும்பி வாங்கினர். 1953-ஆம் ஆண்டுக்குள் அம்மாதிரியில் 1,20,000-க்கு மேற்பட்ட வண்டிகள் செய்யப்பட்டன. 1951-இல் பின்புறம் சரக்கேற்றும் தட்டுடன் கூடிய வண்டி வந்தது. வார நாட்களில் கம்பளி மூட்டையும் தீவனமும் ஏற்றவும், ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கோயிலுக்குச் செல்லவும் அவ்வண்டி விவசாயிக்குப் பயன்பட்டது. 1954-இல் நியூஜிலாந்துக்கு ஏற்றுமதி தொடங்கியது. 1958-ஆம் ஆண்டளவில் ஆஸ்திரேலியாவில் விற்ற மோட்டார் வண்டிகளுள் நூற்றுக்கு 40-க்கு மேல் ஹோல்டனாக இருந்தன. 1962-இல் பத்து லட்சமாவது வண்டி வெளிவந்தது.

அடிலெய்டுக்கு வடக்கே, 1955-இல் அரசாங்க வீட்டு வசதி அமைப்பு நிறுவிய எலிசபெத் என்னும் புதிய நகரத்தில் ஹோல்டன் பெரியதொரு தொழிற்சாலையைக் கட்டியது. இங்கிலாந்திலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் குடியேறிய குடும்பங்கள் அங்கே வேலையும் வீடும் பெற்றன. 1960-களின் நடுவில் நாடெங்கும் ஹோல்டன் தொழிலாளர் 20,000-க்கு மேற்பட்டிருந்தனர்.

இக்காலத்தில் நிகழ்ந்த இன்னொரு செய்தியையும் குறிப்பிட வேண்டும். தொடக்கத்திலிருந்தே சிறு அளவு முன்னுரிமைப் பங்குகள் உள்நாட்டாரிடம் இருந்துவந்தன. 1959-இல் அவற்றையும் ஜெனரல் மோட்டார்ஸ் வாங்கிக்கொண்டது. அதன்பின் அத்தொழிலில் ஆஸ்திரேலியருக்குக் கூலியும் பெருமையுமே எஞ்சின.

தேய்வின் காரணங்கள்

ஹோல்டன் தேய்ந்ததற்கு ஒரே காரணம் கூறுவது நியாயமாகாது. ஆஸ்திரேலியா பரந்த நாடு. மக்கள் தொகையோ குறைவு. அச்சிறு சந்தையில் பல கம்பெனிகள் தொழிற்சாலை நடத்தின. இறக்குமதி வண்டிகளின் மீது விதித்த உயர்ந்த சுங்க வரியே அவற்றைக் காத்து நின்றது. 1973-இல் பெட்ரோலிய விலை ஏறியபின் சிறிய ஜப்பானிய வண்டிகளுக்கு மதிப்புக் கூடியது. 1978-இல் ஹோல்டன் தன் புகழ்பெற்ற கமடோர் வண்டியை வெளியிட்டது; ஆயினும் 1980-இல் சிட்னியை அடுத்த பேஜ்வுட் தொழிற்சாலையை மூடவேண்டியதாயிற்று.

1984-இல் மந்திரி ஜான் பட்டன் மோட்டார்த் தொழிலுக்குப் புதிய திட்டம் ஒன்றை அறிவித்தார். சுங்க வரியைச் சிறிது சிறிதாகக் குறைத்து, உள்நாட்டுத் தொழிலை உலகப் போட்டிக்குப் பழக்குவது அதன் நோக்கம். 1988-இல் நூற்றுக்கு 45-ஆக இருந்த வரி 2000-இல் 15-ஆகவும், 2005-இல் 10-ஆகவும், 2010-இல் 5-ஆகவும் இறங்கிற்று. நாணய மதிப்பும் எதிராகத் திரும்பியது. 2001-இல் சுமார் 50 அமெரிக்க சென்ட் பெற்ற ஆஸ்திரேலிய டாலர், 2011-இல் 110 சென்ட் வரை ஏறியது. உள்ளூரில் செய்த வண்டி வெளிநாட்டில் விலை மிகுந்ததாயிற்று. வெளிநாட்டு வண்டி உள்ளூரில் மலிவாயிற்று.

ஏற்றுமதியில் நேர்ந்ததும் அறியத்தக்கது. எலிசபெத்தில் செய்த வண்டிகளை ஜெனரல் மோட்டார்ஸ் 2004 முதல் அமெரிக்காவில் பாண்டியாக் என்னும் தன் மற்றொரு பெயரில் விற்றது. 2009 ஜூன் மாதத்தில் அப்பெருநிறுவனமே திவால் மனுக் கொடுத்தது. தன் சீரமைப்பின் பொருட்டுப் பாண்டியாக் பெயரையே ஒழித்துவிட்டது. எலிசபெத் தொழிலாளர் செய்த வண்டியில் குற்றம் இல்லை. அவர்கள் சரக்கை வெளிநாட்டில் விற்ற கடையை வேறொருவர் மூடிவிட்டார்.

அரசாங்கம் உதவாமலும் இல்லை. 2001 முதல் 2012 வரையிலான 12 ஆண்டுகளில் ஹோல்டன் பெற்ற அரசாங்க உதவி சுமார் 217 கோடி ஆஸ்திரேலிய டாலர். அவ்வளவு பொதுப் பணம் சென்றும், அதற்கு ஈடாகப் பொதுமக்களுக்கு ஒரு பங்குகூட வரவில்லை.

முடிவு வந்த விதம்

2013 டிசம்பர் 10-ஆம் தேதி, தொழிலின் எதிர்காலத்தைப் பற்றி ஆராய்ந்த அரசாங்க ஆணைக்குழுவின் முன் தோன்றிய ஹோல்டன் கிளையின் தலைவர், முடிவு எதுவும் இன்னும் செய்யப்படவில்லை என்று தெரிவித்தார். மறுநாளே, 2017-இறுதிக்குள் ஆஸ்திரேலியாவில் வண்டி செய்வது நிறுத்தப்படும் என்று தொழிலாளருக்கு அறிவிக்கப்பட்டது. சுமார் 2,900 பேரின் வேலை அவ்வறிவிப்பில் அடங்கியிருந்தது. 2017 அக்டோபர் 20-ஆம் தேதி எலிசபெத்தில் கடைசி வண்டி வெளிவந்தது. ஃபோர்டு முந்திய ஆண்டிலும், டொயோட்டா அதே மாதத் தொடக்கத்திலும் தம் தொழிற்சாலைகளை நிறுத்தியிருந்தமையால், அந்நாட்டில் மோட்டார் வண்டி செய்யும் பெருந்தொழில் அன்றோடு ஓய்ந்தது.

அதன்பின் சில ஆண்டுகள் இறக்குமதி வண்டிகள் ஹோல்டன் பெயரில் விற்கப்பட்டன. 2020 பிப்ரவரி 17-ஆம் தேதி, அப்பெயரையும் கைவிடுவதாக ஜெனரல் மோட்டார்ஸ் அறிவித்தது. சேணம் தைத்த மனிதரின் குடும்பப் பெயரை விற்பனையிலிருந்து விலக்கும் அதிகாரமும் டெட்ராய்டிலேயே இருந்தது. நம் நாட்டிலும் இதே கம்பெனி 2017-இல் தன் உள்நாட்டு விற்பனையை நிறுத்தி, புனேக்கு அருகிலுள்ள தளேகாவ் தொழிற்சாலையை ஏற்றுமதிக்காக மட்டும் நடத்தி, 2020 டிசம்பரில் அங்கும் உற்பத்தியை முடித்துக்கொண்டதை அங்கத்தினர்களிற் பலர் அறிந்திருப்பர்.

டெட்ராய்ட் செய்தது அறமா அன்றா என்று வழக்காடுவது நம் நோக்கமன்று. உடையவர் தம் கணக்கைப் பார்த்தார். அது அவர் உரிமை. உழைத்தவருக்குத் தம் கணக்கைச் சொல்லும் இடம் அச்சபையில் இல்லை என்பதே நாம் கருதத்தக்கது.

அதே நாட்டில் இன்னொரு வழி

ஹோல்டன் கைமாறிய அதே மந்த காலத்தில், 1933-இல், மேற்கு ஆஸ்திரேலியாவின் கோதுமை விவசாயிகளுக்காகத் தானியத்தைக் களஞ்சியத்தில் சேர்த்துக் கப்பலேற்றும் கூட்டுறவு ஸ்தாபனம் ஒன்று தோன்றியது. சி.பி.எச். என்று அதனைச் சுருக்கி அழைப்பர். விளைவித்தவரே அதன் அங்கத்தினர். 2016-இல் அதனைப் பங்குக் கம்பெனியாக மாற்றலாம் என்று வெளியிலிருந்து ஒரு யோசனை வந்தபோது, அதன் நிர்வாக சபை ஏற்கவில்லை. ஸ்தாபனம் கூட்டுறவாகவே நீடித்தது.

கூட்டுறவு என்னும் பெயர் ஒன்றே காவலாகிவிடாது என்பதற்கும் அம்மாநிலத்திலேயே சான்று உண்டு. 1914-இல் விவசாயிகளின் கூட்டுறவாகத் தோன்றிய வெஸ்ஃபார்மர்ஸ், 1984-இல் பங்குச் சந்தையில் இடம்பெற்ற கம்பெனியாக மாறிற்று. இன்று அது பெருஞ்செல்வம் படைத்த கம்பெனி. ஆயினும் விவசாயிகளின் கூட்டுறவன்று.

கூட்டுறவாக நடந்திருந்தால் ஹோல்டன் அழியாதிருக்கும் என்று நாம் சாதிக்கவில்லை. வரிக் குறைப்பும் நாணய ஏற்றமும் எவருடைய தொழிலையும் வாட்டியிருக்கும். எப்போது நிறுத்துவது, வேறு எந்தப் பொருளைச் செய்து பார்ப்பது, எஞ்சிய பணத்தை எவ்வழியிற் செலவிடுவது என்பவற்றையாவது எலிசபெத்தில் இருந்தவர்களே கூடி முடிவு செய்திருக்கலாம்.

நம் சங்கங்களுக்கு இதிலிருந்து கொள்ளத்தக்கன சில உண்டு. நல்ல ஆண்டுகளில் இலாபம் முழுவதையும் பங்கு ஈவாகவே கேட்டு வாங்காமல் ஒதுக்கு நிதியை வளர்த்தல் வேண்டும். மந்த காலத்தில் கைப்பொருள் இல்லாமற் போனவரே உரிமையை விற்க நேரிட்டது. உற்பத்தி முழுவதையும் ஒரே கொள்முதல்காரரை நம்பிச் செய்யலாகாது. பாண்டியாக் கதை அதனைக் காட்டுகிறது. சர்க்கார் உதவி வரும்போது அதனைக் கொண்டு புதிய தறியும் புதிய வேலைத்திறமும் தேடிக்கொள்ள வேண்டும். வெளியார் பணம் தர முன்வந்தால், வட்டி எவ்வளவு என்பதோடு, அவர் கேட்கும் அதிகாரம் எவ்வளவு என்பதையும் வினவவேண்டும்.

இவற்றையெல்லாம் நிர்வாக சபையே பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடுதல் தகாது. ஹோல்டன் தொழிலாளர் எவருக்கும் கிட்டாத ஓர் ஓட்டு நம் அங்கத்தினர் ஒவ்வொருவரிடமும் இருக்கிறது. இவ்வாண்டு மகாசபைக் கூட்டத்துக்கு வரும் அங்கத்தினர்கள், வரவு செலவு அறிக்கையை முன்னதாகவே பெற்று, ஒதுக்கு நிதி, நிலுவைக் கடன், கொள்முதல் செய்தோர் விவரம் ஆகிய மூன்று பகுதிகளையேனும் படித்து, ஐயமுற்றதை எழுந்து கேட்குமாறு வேண்டிக்கொள்கிறோம்.